யார் கேட்டாலும் அனுமதி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி முளைத்து ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்டால், கேட்பது யார், எதற்கு என்று பார்க்காமலேயே ‘அனுமதி’ என்பதை அமுக்கிவிடுகிற மடையன் நான். படிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே இருந்து வரும் சுற்றறிக்கைகளைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டவர் பெயரில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சிரித்தவன். அப்படிப்பட்டவன் இந்தப் பெட்டியிடம் மட்டும் ஏமாந்துபோனேன். அது கேட்கிற விதம் அப்படி. அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது. பக்கத்திலேயே ‘தடு’ என்று இன்னொரு பொத்தானும் இருக்கத்தான் இருக்கிறது. வந்து கேட்டு நிற்கிறவர் முகத்துக்கு நேரே ‘தடு’ என்று எப்படிச் சொல்வது?

புதுக்கோட்டை மாவட்டத்தில், வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் பக்கம் வாசலில் சலசலப்புக் கேட்டாலே உள்ளே இருந்தபடி “வாங்க, வாங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வந்தது யார் என்று எட்டிப் பார்ப்போம். ஒருமுறை நான் அப்படி, “வாங்க, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்றெல்லாம் உபசரித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நின்றது பக்கத்து வீட்டு ஆடு. அதுவும் பெரிய மனசு பண்ணி உள்ளே வந்து, என் மனைவி காயப் போட்டிருந்த வடகத்தை ஒரு பக்கமாக முடித்துவிட்டுப் போனது. அந்த ஆட்டுக்கு வாசலைத் திறந்துவிட்ட அதே புத்திதான் பின்னால் என் மகளுடைய லேப்டாப்பிலும் வேலை செய்தது. ஆடாவது வடகத்தோடு போனது.

மகளைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. எங்களுக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்தவள். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு வேலையில் சேர்ந்தாள். விடுதிச் சாப்பாடு அவளுக்கு மஞ்சள் காமாலையைக் கொடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்பியது. நாங்கள் போய் அழைத்து வந்தபோது பேருந்தில் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். தோளில் ஒரு துண்டு கிடக்கிற கனம்தான் தெரிந்தது. அன்றைக்கே என் மனைவி, “இனிமே புள்ளைய மெட்ராஸுக்கு அனுப்புற பேச்சை எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். மகளுக்கும் போக விருப்பமில்லை. வேலைக்கும் போக வேண்டும், வீட்டிலும் இருக்க வேண்டும். உடம்பு தேறியதும் தேடித் தேடி ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தாள். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கலாமாம். எழுத்துத் தேர்வு, அது இது என்று எல்லாவற்றையும் தாண்டிவிட்டாள். கடைசியாக ஒரு நேர்காணல்தான் பாக்கி. அதிலும் தேறிவிட்டால் மகள் எங்களோடேயே இருப்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டதெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

நேர்காணலுக்கு நாள் குறித்து மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

“போச்சு” என்றாள் என் மனைவி. “வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம்ங்க.”

“கம்பெனிக்காரங்ககிட்ட ராகு காலமா இருக்கு, டைம மாத்துங்கன்னு கேக்கச் சொல்றியாம்மா?” என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, ராகுவுக்கு வேற சோலி இல்லையாப்பா, வல்லத்திராக்கோட்டையில யார் எப்பப் பேப்பர்ல கையெழுத்துப் போடுறான்னு பாத்துக்கிட்டா இருக்கும் என்று பேசுகிற ஆள் நான். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே. சிரித்துக்கொண்டே போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளை யாருக்கும் தெரியாமல் தூக்கிப் பார்த்தேன். மனைவி சொன்னது சரிதான்.

மகள், தன் சித்தி பெண்ணின் வளைகாப்புக்காக அறந்தாங்கிக்குக் கிளம்பினாள். வியாழக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள். போகும்போது லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு, “அப்பா, நியூஸ் பாக்கணும்னா பாருங்க. வேற எதையும் நோண்டாதீங்க” என்றாள். அந்த லேப்டாப் அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அவள் செய்த வேலைகள், நேர்காணலில் காட்டப்போவது எல்லாம் அதற்குள்தான். மூடி வைத்தாலும் தூங்காது. வயசான உடம்பு இல்லையா, என்னை மாதிரிதான்.

அவள் போனதும் நான் நியூஸ்தான் பார்த்தேன். சத்தியமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு யோசனை வந்தது. காலண்டரில் போடுகிற ராகு காலம், சூரியன் காலை ஆறு மணிக்கு உதிக்கிறது என்று வைத்துப் போடுகிற பொதுக் கணக்கு என்று எங்கேயோ படித்திருக்கிறேன். நம் ஊரில் சூரியன் கொஞ்சம் பிந்தி உதித்தால் ராகு காலமும் பிந்தித்தானே தொடங்கும்? பத்தரைக்கு ராகு வரவில்லை என்றால்? அதற்குள் மகள் ஒரு ‘ஹலோ’ சொல்லிவிட்டால் போதுமே. நல்ல நேரத்தில் தொடங்கிய காரியம் ஆகிவிடும். மனைவியிடம் கணக்கோடு போய் நிற்கலாம், டீக்கடைப் பெயரும் கெடாது. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

தேடினேன். ஊருக்கு ஊர் துல்லியமாக ராகு காலம் சொல்கிற ஒரு பஞ்சாங்கத் தளம் கிடைத்தது. திறந்த உடனே பெட்டி வந்தது. உங்கள் இருப்பிடத்தை அறியலாமா? ஊர் தெரியாமல் சூரியன் உதிக்கிற நேரத்தை எப்படிச் சொல்வான், நியாயம்தான், அனுமதி. அறிவிப்புகள் அனுப்பலாமா? அனுப்பட்டுமே, அனுமதி. இன்னும் துல்லியமாகக் கணிக்க எங்கள் இலவசப் பஞ்சாங்கத்தை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம் வேறு. அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது. விடை வந்தது: வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ராகு காலம் பத்து நாற்பத்திரண்டுக்குத் தொடங்குகிறது. பன்னிரண்டு நிமிஷம் லாபம்! எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

உட்கார்வதற்குள் திரையின் ஓரத்தில் ‘டிங்’ என்று ஒன்று எட்டிப் பார்த்தது. முழங்கால் வலியா? எனக்கு முழங்கால் வலி உண்டு. அட, விசாரிக்கிறானே என்று தொட்டேன். அதிலிருந்து இன்னொரு ஜன்னல் திறந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வழுக்கையில் முடி முளைக்க எண்ணெய். வாழ்த்துகள், நீங்கள் கார் வென்றிருக்கிறீர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைத் தொட்டால் மூடிவிடும் என்பதுகூட எனக்குத் தெரியும். தொடப் போனால் அது நகர்ந்துகொண்டது. எட்டிப் பிடித்து அமுக்கினால் ஒன்று மூடி இரண்டு திறந்தது. கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைத்துக் கையை விரித்தால், அந்தக் கை மேலேயே ரசத்தை ஊற்றிவிட்டு, “நல்லாச் சாப்பிடுங்க மாமா” என்று போகிற பையன்கள் இருப்பார்களே, அவர்கள்தான் கம்ப்யூட்டர் படித்து இதைச் செய்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மனைவி காபி கொண்டு வந்தாள். திரையில் பளபளவென்று ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில், ‘புதுக்கோட்டையில் ஒரு பெண் உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.’

மனைவி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நிதானமாகப் படித்தாள். “யாருங்க இவ?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒங்களுக்காகன்னு போட்டிருக்கே.”

“அது எல்லாருக்கும் அப்படித்தான் போடும்.”

“எல்லாருக்கும் புதுக்கோட்டைன்னா போடும்? நம்ம ஊரு அதுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன்” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் சொன்ன அழகு புரிந்தது. “சூரியன் உதிக்கிற நேரத்துக்காகச் சொன்னேன்” என்று சேர்த்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

“காத்திருக்கட்டும்” என்றாள் மனைவி. “போறப்ப ரேஷன் கார்டையும் எடுத்துட்டுப் போங்க, வர்ற வழியில சீனி வாங்கணும்.”

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மைத்துனனுக்கு போன் செய்தேன். மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறவன். என்னைக் கிண்டல் செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்தால் சாப்பாட்டைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்வான்.

“என்ன மச்சான், அக்கா சொல்லுச்சு, யாரோ காத்திருக்காகளாமே?”

“மாப்ள, வெளையாடாத. லேப்டாப்பு பூராம் விளம்பரமா வருது. நாளன்னைக்கு மறுநா புள்ளைக்கு இன்டர்வியூ.”

“என்னத்தை அமுக்குனீங்க?”

“கேட்டதை அமுக்குனேன்.”

“கேட்டா அமுக்கிருவீங்களா? ஒங்களையெல்லாம் எப்படி மச்சான் இத்தனை வருஷம் சங்கத்துல வச்சிருந்தாக?” என்று சிரித்தவன், வைரஸைச் சுத்தம் செய்கிற ஏதாவது ஒன்றை இறக்கிப் போட்டால் சரியாகிவிடும் என்றான். எதை என்று அவன் சொல்வதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள். “அப்பறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டான்.

திரையில் பார்த்தால், கேட்காமலேயே ஒன்று வந்து நின்றது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து. உடனே இலவசமாகச் சுத்தம் செய்யுங்கள்.’ மைத்துனன் சொன்னதும் இதைத்தானே! தெய்வம் மாதிரி வந்திருக்கிறது என்று அனுமதித்தேன். அடுத்து, அடுத்து, முடிந்தது. முடிந்த உடனே லேப்டாப் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. கூடவே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. அமர்த்தினால் நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து ஊளையிடும். அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: “இப்ப வந்திருக்கறது வேற ஆளா?”

மறுநாள் காலை லேப்டாப்பைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். அணைத்து வைத்தால் திரும்ப எழுந்திருக்குமோ என்னமோ என்ற பயத்தில் அணைக்காமலேயே எடுத்து வந்திருந்தேன். பாதி வழியில் பை ஊளையிட்டது. பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“என்ன சார் பையில?” என்றார் கண்டக்டர்.

“லேப்டாப்புங்க.”

“அதுக்கு என்ன ஒடம்புக்கு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பைக்குள்ளிருந்து வந்த குரலைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள என்ன சொல்லுது தம்பி?” என்றார்.

“ஆபத்து, ஆபத்துன்னு சொல்லுதுங்க.”

அந்த அம்மா கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு முன்னாடி சீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பேருந்து நிலையம் வரைக்கும் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வழி நெடுக நின்றுகொண்டே வந்தார்கள்.

லேப்டாப் பழுது பார்க்கிற கடையில், கடைக்காரர் அதைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், இது மொத்தமா அழிச்சு புதுசாப் போடணும். உள்ள இருக்கறது பூராம் போயிரும்.”

“ஐயையோ, எம் பொண்ணு வேலையெல்லாம் உள்ளதாங்க இருக்கு.”

“அப்ப அதையெல்லாம் எடுத்து வச்சுட்டுப் பண்ணணும். விட்டுட்டுப் போங்க, சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்க.”

“வெள்ளிக்கிழமை காலையில வேணுங்க.”

அவர் பின்னால் கையைக் காட்டினார். அலமாரி நிறைய லேப்டாப்புகள் படுத்துக் கிடந்தன. அத்தனை வீட்டிலும் என்னைப் போல் ஒரு ஆள் இருக்கிறான் என்பதில் ஒரு ஆறுதல். அதற்கு மேல் அந்தக் கடையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊளையிடுகிற பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை மதியம் மகள் வந்தாள். கை நிறைய வளையல். நான் வாசலுக்கே போய், “வா ஆத்தா, களைச்சுப் போயிருக்க, மொதல்ல காபி குடி, அப்பறம் கொஞ்ச நேரம் படு” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னப்பா பண்ணுனீங்க?”

பெற்ற மகளிடம் இது ஒரு கஷ்டம். நான் வாயைத் திறப்பதற்குள் மேஜையில் இருந்த லேப்டாப்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, சங்கு ஊதி.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சாங்கத்தைத் தூக்கினாள், சுத்தம் செய்ய வந்ததைத் தூக்கினாள், அவர்களோடு சொல்லாமல் கொள்ளாமல் குடிவந்திருந்த இன்னும் யார் யாரையோ தூக்கினாள். சங்குச் சத்தம் நின்றது. பிறகு நான் அனுமதி கொடுத்த ஆட்களின் வரிசையைத் திறந்து படித்தாள்.

“அப்பா, இதுல மாட்டுத் தீவனக் கடை இருக்கு. கல்யாண மண்டபம் இருக்கு. இது என்ன எழுத்துன்னே தெரியல, ரஷ்யாக்காரன் மாதிரி இருக்கு. இவனையும் உள்ள விட்டிருக்கீங்க.”

“தூரத்துலேருந்து வந்திருக்கானேன்னு விட்டேன்.”

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வளையல் குலுங்கச் சிரித்தாள். ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டு, “இனிமே எது கேட்டாலும் ‘தடு’ன்னு அமுக்குங்க. சரியா?” என்றாள்.

“சரி ஆத்தா” என்றேன். அந்த நேரத்தில் அது முழு மனதோடு சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை காலை. மகள் குளிக்கப் போயிருந்தாள். மனைவி பூஜை அலமாரியில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் மேஜையில் திறந்து கிடந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பத்து நாற்பத்திரண்டு என்பது நான் பார்த்த அன்றைக்குச் சூரியனா, இன்றைய சூரியனா? ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனால்கூட மகள் ஹலோ சொல்வதில் அவசரப்பட வேண்டுமே. பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று அந்தத் தளத்தைத் திறந்தேன். என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல், அதே மரியாதையோடு பெட்டி வந்தது. அறிவிப்புகள் அனுப்பலாமா?

விரல் அமுக்கிவிட்டது. நான் அமுக்கினேன் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘வாங்க, வாங்க’ என்று வாய் சொல்வது போல விரல் சொல்லிவிட்டது.

மகள் நேற்று எங்கே போய் அவர்களை வெளியேற்றினாள் என்று தேடினேன். எனக்கு வழி தெரியவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தளத்தை மூடிவிட்டு நாற்காலிக்கு வந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் நெற்றியில் விபூதியோடு, வளைகாப்பு வளையலைக்கூடக் கழற்றாமல் அவ்வளவு தெளிவாக வந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைக் கெடுக்க வேண்டாம், ஒரே ஒரு ஆள்தானே, என்ன செய்துவிடப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரியாகப் பத்தரைக்கு மூன்று முகங்கள் திரையில் வந்தன. மகள் “ஹலோ” என்றாள். பாதி சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் மனைவியிடம் விரலைக் காட்டிச் சைகை செய்தேன்: ஆரம்பிச்சாச்சு, ராகு இன்னும் வரல. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மகள் தடங்கலில்லாமல் பேசினாள். அவள் பேசுகிற இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர்கள் தலையாட்டுவது புரிந்தது. பிறகு, தான் செய்த வேலையைக் காட்டுவதற்காகத் தன் திரையையே அவர்களுக்குத் தெரியும்படி வைத்தாள்.

‘டிங்.’

பத்து நாற்பத்திரண்டு. சொன்ன சொல் தவறவில்லை அவன். ‘உங்கள் ஊரில் ராகு காலம் தொடங்கிவிட்டது. முக்கியமான காரியங்களைத் தள்ளிப்போடவும்.’ பெரிய தமிழ் எழுத்து. மூன்று பேரில் தமிழ் தெரிந்த ஒருவர் சிரித்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் என்னவென்று கேட்டார்கள். மகள் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை மூடினாள்.

‘டிங்.’ முழங்கால் வலியா?

‘டிங்.’ புதுக்கோட்டையில் ஒரு பெண் உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.

மகள் பேச்சு நின்றது. அவளுடைய காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது. மூடினாள், மறுபடி வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. உள்ளே போய் நிற்கவும் முடியாது. போனாலும் என்ன செய்யத் தெரியும்? எனக்கு இந்த வீட்டில் நிறுத்தத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கூடத்துச் சுவரில் மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன்.

மின்விசிறி நின்றது. இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது, மூன்று முகங்களும் அதில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றன.

“கரண்ட் போயிருச்சாம்மா?” என்று மகள் குரல் வந்தது.

“பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுதே” என்றாள் மனைவி.

மகள் வெளியே வந்து பார்த்தாள். நான் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். கையை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் தன் போனை எடுத்து அதிலிருந்தே இன்டர்நெட் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தாள். இந்த முறை கதவை முழுக்கச் சாத்தினாள்.

மத்தியானம் அடுப்படியில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“முடியிறப்ப, வீட்டுல யாரும் தொந்தரவு பண்றாங்களான்னு கேட்டாங்கம்மா.”

“நீ என்ன சொன்ன?”

“அப்பா இருக்காருன்னு சொன்னேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கூடத்தில் இருந்த நானும் சிரித்தேன், சத்தம் வராமல்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. மகள் அடுப்படி வாசலில் நின்று போனில் படித்தாள். “எடுத்துட்டாங்கம்மா.” மனைவி ஓடிப்போய்ச் சீனி டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளினாள். மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். “வீட்டுச் சூழல் வேலைக்குத் தோதா இல்லையாம். அதனால மெட்ராஸ் ஆபீஸுக்கே வந்து சேரச் சொல்லிருக்காங்க.”

சீனி அள்ளிய கை அப்படியே நின்றது. பிறகு மனைவி சீனியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டு, “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, ராகு காலம்னு” என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ராகுவுக்கு நன்றி சொன்னேன். டீக்கடையில் அவரைப் பற்றி நான் அவ்வளவு பேசியும், மனசில் வைத்துக்கொள்ளாமல் என் பழியைத் தூக்கிக்கொண்டார்.

“நான் வேணா அவுகளுக்கு ஒரு லெட்டர் எழுதவா ஆத்தா? எல்லாம் நான் பண்ணுனதுதான்னு?”

“வேணாம்ப்பா. நீங்க எழுதுனா மெட்ராஸும் போயிரும்.”

வேண்டாம், இந்த வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. இரண்டையும் சொல்கிற தகுதியை அந்தச் சுவிட்சோடு சேர்த்துக் கீழே இழுத்திருந்தேன். மனைவி பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தாள். விடுதியில் சேராமல் தோழிகளோடு அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவதாக மகள் சத்தியம் செய்தாள். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, “போயிட்டு வாரேன்ப்பா” என்றாள். “வா ஆத்தா” என்றேன். யார் போனாலும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் பேருந்து என்னவோ போகத்தான் போனது.

கம்பெனியில் புது லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். பழையது எனக்கு. சாயங்காலம் ஆனால் அதைத் திறந்துகொண்டு உட்கார்வேன். முழங்காலை விசாரிக்கிறவன் வருவான். வழுக்கைக்காரன் வருவான். கார் கொடுக்கிறவன் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்து, “ஒங்க ஆளு வந்துட்டாளா?” என்று மனைவி கேட்பாள். “வந்துட்டா” என்பேன். பாவம், அவளும் புதுக்கோட்டையில் காத்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

மகளுக்குச் சும்மா சும்மா போன் போட்டால் வேலையில் இருப்பாள். அதனால் லேப்டாப்பில் ஏதாவது வந்தால் அதைச் சாக்காக வைத்து வாட்ஸ்அப்பில் எழுதுவேன். நேற்றும் எழுதினேன்: ‘ஆத்தா, புதுசா ஒரு பெட்டி வந்து நிக்கிது. அனுமதிக்கலாமான்னு கேக்குது. என்ன சொல்றது? நேத்துச் சமைச்சியா, கடையில வாங்குனியா? ஒடம்பு எப்படி இருக்கு? கண்ணு மஞ்சளா இருக்கான்னு கண்ணாடியில பாத்துக்க. பொங்கலுக்கு லீவு தருவாகளா? அம்மா கேக்கச் சொன்னா.’ அம்மா கேட்கச் சொல்லவில்லை.

பெட்டியைத் திரையிலேயே நிற்க வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

‘தடுன்னு அமுக்குங்கப்பா.’